ஆள் இருக்கிறான் என்றவர்

போலீஸ் வேலையை விட்ட பிறகு சில வருஷங்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டு வக்கீல் ஒருவருக்கு விசாரித்துச் சொல்லும் ஆளாக இருந்தேன். குதிரை உதைத்து இடது முழங்கால் சரியாக மடங்காமல் போனதால்தான் உத்தியோகம் போயிற்று. இப்போது பட்டணத்தில் இந்த வேலைக்கு டிடெக்டிவ் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அப்போது எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே கிடையாது. சம்மனுக்குப் பயந்து ஒளிந்து திரிகிறவனைக் கண்டுபிடிக்க வேண்டும். சாட்சி சொல்ல வருகிறவன் யோக்கியன்தானா என்று அவன் ஊருக்கே போய்க் கேட்டு வர வேண்டும். களவுபோன மாடு எந்தச் சந்தையில் கைமாறியது என்று பார்க்க வேண்டும். எப்போதாவது பெண்டாட்டி மேல் சந்தேகம் என்று யாராவது வருவார்கள். அந்த வேலை மட்டும் எனக்குப் பிடிக்காது. வக்கீல் ஐயா சொன்னால் தட்டவும் முடியாது.

ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி வந்தது ஒரு பங்குனி மாதத்துக் காலையில். நாற்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், சட்டைக் கையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. வக்கீல் ஐயா நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் இடையே நடந்துகொண்டே பேசினார்.

"எம் பொஞ்சாதி திங்கக்கெழம தோறும் மடவார் வளாகத்துக்கு வாரா. வயித்து வலிக்கு வைத்தியநாத சாமிக்கு நேந்திருக்கேன்னு சொல்லுதா. நானும் சரின்னுதான் வண்டி கெட்டி அனுப்புதேன். ஆனா சாமி கும்பிட எம்புட்டு நேரம் ஆகும்? உச்சிப் பொழுது தாண்டித்தான் வண்டி வீட்டுக்கு வருது."

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் வக்கீல்.

வியாபாரி நடையை நிறுத்தினார். "வரும்போது சிரிச்ச மொகமா வாரா" என்றார். "கல்யாணமாகி இம்புட்டு நாள்ல எங்கிட்ட அப்பிடி ஒரு நா சிரிச்சதில்ல."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு பெண் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வருகிறாள் என்பதைக் குற்றமாகச் சொல்லி ஒருவர் அழுவார்போல நின்றதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

முதல் திங்கட்கிழமை அவளைத் தவறவிட்டேன். வில்வண்டி கோயில் தெப்பக்குளத்தின் கரையில் நின்றது. வேலைக்காரக் கிழவி ஒருத்தி கூட வந்தாள். சாமி கும்பிட்டானதும் கிழவி பிரகாரத்து நிழலில் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள். அந்தப் பெண் சந்நிதியைச் சுற்றுகிறவள்போலப் போய்ப் பக்கத்து வாசல் வழியாக வெளியேறினாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என் காலை வைத்துக்கொண்டு அவள் வேகத்துக்குப் போக முடியவில்லை.

அடுத்த வாரம் நான் வெளியிலேயே காத்திருந்தேன். கோயிலிலிருந்து ஊருக்குள் போகிற பாதையில் ஒரு விளக்குக் கடை இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, சிம்னிக் கண்ணாடி, திரி விற்கிற சிறிய கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, வீட்டின் கொல்லைக் கதவு ஒரு சந்தில் திறக்கும். அந்தக் கதவைத் தட்டி அவள் உள்ளே போனாள்.

நான் சுற்றி வந்து கடையின் முன்னால் நின்று ஒரு சிம்னி கேட்டேன். கடைக்காரர் ஒரு ராவுத்தர், முப்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, கீறல் இல்லையென்று நான் ஒப்புக்கொண்ட பிறகு வைக்கோல் சுற்ற ஆரம்பித்தார். அவர் அவசரப்படவில்லை. உள்ளே திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்குள் இரண்டு பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதில் ஒருத்தி இருமினாள். அந்த இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. ராவுத்தரின் கை வைக்கோலிலேயே நின்றுவிட்டது.

"வீட்ல சொகமில்லையோ?" என்றேன்.

"நெஞ்சுச் சளி அண்ணாச்சி. ரொம்ப நாளா இருக்கு. இன்னைக்குத்தான் கொஞ்சம் சிரிக்கா" என்றார்.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தேன். ராவுத்தரின் மனைவி சேத்தூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண் என்றும், வீட்டைவிட்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டவள் என்றும் சொன்னார்கள். பிறந்த வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்களாம்.

மூன்றாவது வாரம் வியாபாரியின் மனைவியே என்னிடம் வந்தாள். கோயில் மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். கிழவி படுத்துவிட்டாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தக் காலோட எதுக்கு இப்பிடி எம் பொறத்தாலயே அலையுதீய? என்ன வேணுமோ கேளுங்க, சொல்லுதேன்."

போலீஸில் இருந்த காலத்தில்கூட யாரும் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"அவிய அனுப்புனாகளா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமா."

அவள் தரையில் உட்கார்ந்தாள். விளக்குக் கடை வீட்டில் இருப்பது தன் கூடப்பிறந்த அக்கா என்றாள். அக்கா போனபோது இவள் சின்னப் பெண். அதற்குப் பிறகு வீட்டில் அக்காவின் பேரையே யாரும் எடுக்கவில்லை. அப்படி ஒருத்தி பிறந்ததையே மறைத்துத்தான் இவளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா படுக்கையில் கிடக்கிறாள் என்று ஒருவர் மூலம் காதில் விழுந்ததும், இல்லாத வயிற்று வலியைச் சொல்லி வரத் தொடங்கியிருக்கிறாள்.

"வீட்டுக்காரர்ட்ட நீயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா என்னைய மட்டுமா திருப்பி அனுப்புவாக? எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இருக்கு. அதுகள யாரு கட்டுவா?" பிறகு, "நீங்க என்ன சொல்லப் போறீய?" என்றாள்.

"ஆள் உண்டா இல்லையான்னுதான் என்னயக் கேட்டாக. இல்லைன்னு சொல்லுவேன். ஒங்க அக்கா பேச்சு என் வாயில வராது."

"அவியளுக்கு அது பத்தாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளே ராஜபாளையம் போனேன். வியாபாரி பஞ்சுப் பொதி அடுக்கிய கிட்டங்கியில் இருந்தார். பொதிகளின் கயிற்றை அறுத்துப் பஞ்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வேலையாட்களை வெளியே போகச் சொன்னார்.

"மொதலாளி, ஆள் யாருமில்ல. ஒங்க வீட்டு அம்மா ஒரு சொகமில்லாத பொம்பளையப் பாக்கப் போறாக. வேண்டியவுக. செத்த நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வாராக. நான் பாத்த அம்புட்டும் இதுதான்."

"எந்தப் பொம்பள? யாரு வீடு?"

"அதச் சொல்லுததுக்கு இல்ல. ஆம்பள சங்கதி இல்லைங்கறத எந்தச் சாமி முன்னால வேணும்னாலும் சொல்லுதேன்."

அவர் கையிலிருந்த பஞ்சை நூல் நூலாகப் பிய்த்தார். "ஆள் இல்லைன்னு சொல்லவா உம்மக் கூப்பிட்டேன்?"

"உள்ளதத்தான சொல்ல முடியும்?"

"ஆள் இருக்கான்" என்றார் மெதுவாக. "நீரு பாக்கல. இல்ல, பாத்துட்டு மறைக்கீரு. எனக்குத் தெரியும். சரி, போம்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் சத்தமே போடவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அது என்னை அரித்தது. கண்மாய்க் கரையில் வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது எனக்கு இருப்புக்கொள்ளாமல் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

வக்கீல் ஐயாவிடம் சொன்னேன். "உம்ம வேலை முடிஞ்சுது. இனி அது அவா ரெண்டு பேர் பாடு" என்று சொல்லி அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார். வீட்டில் என் மனைவியிடமும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைய அடிச்சுப்புடுவாரோன்னு பயப்படுதீயளா?"

"தெரியல. அந்த ஆளுக்கு ஒரு ஆம்பள வேணும். இல்லைன்னு சொன்னா அவருக்கு நிம்மதி வரலை. இருக்கான்னு சொல்லியிருந்தாத்தான் உக்காந்திருப்பாரு போல."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் மனைவி அப்போதே கிளம்பினாள். விளக்குக் கடை வீட்டுக்குப் போய், தங்கச்சியைக் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தாள். ராவுத்தரும் அங்கே இருந்தாராம். "நாங்க யாருக்கும் ஒண்ணும் செய்யலியேம்மா" என்றாராம்.

அவள் வருவது நின்றது. ஆனாலும் நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பக்கம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக எழுந்தது. தெப்பக்குளக் கரையில் வண்டி இல்லை என்று கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

சித்திரை கடைசியில் ஒருநாள் கரையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அக்காவுக்கு ரத்தமாகச் சளி வந்ததென்று செய்தி போயிருக்கிறது, அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரியும். வண்டியைக் கண்டதும் நான் விளக்குக் கடைக்குப் பின்னாலுள்ள சந்துக்கு நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்ச் சுவரோரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். வழிப்போக்கர் என்று நினைத்தேன்.

கொல்லைக் கதவு திறந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். பின்னாலேயே ராவுத்தர் வந்தார். அவள் மறந்து வைத்துவிட்டு வந்த பிரசாதத் தட்டு அவர் கையில் இருந்தது. "பாத்துப் போம்மா. அக்காவ நான் பாத்துக்கிடுதேன்" என்று தட்டை நீட்டினார்.

குந்தியிருந்தவர் எழுந்தார். துண்டு விழுந்தது. வியாபாரிதான், வண்டியின் பின்னாலேயே வந்திருக்கிறார். அவரைக் கண்டதும் நான் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், அந்தக் காலோடு அது ஓட்டமா. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொதிக் கயிறு அறுக்கிற கத்தி. ராவுத்தர் தட்டைப் பிடித்தபடியே கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை. முகத்தில் வலியைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

நான் வியாபாரியின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தேன். அவர் திமிறவில்லை. கத்தியைத் தானே கீழே போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போல, "பாத்தீரா? ஆள் இருக்கான்னு சொன்னேன்ல" என்றார்.

அவருடைய மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. ராவுத்தரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்து, "அக்கா, வெளிய வராத. அக்கா, நீ வராத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கேஸ் திருநெல்வேலி செஷன்ஸுக்குப் போயிற்று. வியாபாரிக்காக ஆஜராக மதுரையிலிருந்து பெரிய வக்கீல் வந்தார். அவருக்குத் துணையாக உட்கார்ந்தவர் எங்கள் வக்கீல் ஐயாவேதான். விசாரணைக்குச் சில நாட்கள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"சட்டத்துல ஒரு வழி இருக்கு. பெண்டாட்டியோட வேறொருத்தனைப் பாத்து, அந்த ஆத்திரத்துல கைவெச்சுட்டான்னு நிலைநாட்டினா கொலைக் குத்தம் ஆகாது. தூக்குலேருந்து தப்பிக்கலாம்."

"அப்பிடி ஒண்ணும் நடக்கலியே ஐயா."

"நீர் கிட்டங்கியில போய்ச் சொன்னப்ப இருந்தது ரெண்டே பேர். நீரும் அவரும். அந்த வீட்டுல ஒரு ஆள் இருக்கான்னு சொன்னேன்னு நீர் சொன்னாப் போதும். பொய்கூட இல்லை. அந்த வீட்டுல ஒரு ஆம்பளை இருந்தான்தானே? ஒரு உயிர் போயாச்சு. இன்னொண்ணையும் போக்கணுமா உமக்கு?"

அவர் கெட்டவரில்லை. வேலை போய் நின்றபோது என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டவர். அந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் வாய் திறந்தால் ஒரு மனிதன் கழுத்தில் கயிறு விழலாம். நான் கையைப் பிடித்தபோது சிறுபிள்ளைபோல எனக்கு அடங்கி நின்ற மனிதன் அவர். கோயிலைச் சுற்றினேன், கடைத்தெருவைச் சுற்றினேன், எங்கும் நிற்க முடியவில்லை.

என் மனைவிதான் கேட்டாள். "நீங்க அப்பிடிச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு ஊர்ல என்ன பேரு?"

"தெரிஞ்சதுதான்."

"செத்துப்போன ராவுத்தருக்கு?"

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"புருசன் கண்ணு முன்னால செத்து, தன் தங்கச்சிகிட்டயே அவன் தப்பா நடந்தான்னு பேரும் கேட்டுக்கிட்டு அந்தப் பொம்பள படுத்துக் கெடக்கணுமா? தூக்குப் போடுததும் போடாததும் ஜட்ஜு தொரை பாடு. நீங்க பாத்ததச் சொல்லிட்டு வாங்க."

சாத்தூர் வரை வண்டியில் போய் அங்கிருந்து ரயில் ஏறினோம். கோர்ட்டு வளாகம் முழுக்க ராஜபாளையத்து ஆட்களும் சேத்தூர் ஆட்களும் நின்றார்கள். அந்தப் பெண்ணின் தகப்பனாரும் வந்திருந்தார். தலைப்பாகை கட்டிய பெரிய சம்சாரி. மருமகன் பக்கத்து ஆட்களோடு நின்றாரே தவிர, மகள் இருந்த பக்கம் வரவில்லை.

அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மதுரை வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டார். புருஷனுக்குத் தெரியாமல் போனாயா, போனேன். பொய் சொல்லிவிட்டுப் போனாயா, ஆமாம். கொல்லைக் கதவு வழியாகவா, ஆமாம். ஒவ்வொரு பதிலுக்கும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் அவர் குரலை உயர்த்தி, அந்த வீட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அவள் தகப்பனாரைத் தேடினாள். அவர் கதவருகே நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"என் கூடப் பொறந்த அக்கா. எங்க அய்யாவுக்கு மூத்த மக. செத்துப்போனவுக எனக்கு அத்தான் மொறை."

மொழிபெயர்ப்பவர் ஜட்ஜ் துரைக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் தகப்பனார் துண்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பெண் எந்தக் கேள்விக்கும் தயங்கவில்லை.

என் முறை வந்தது. கிட்டங்கியில் நான் சொன்னதையும் அவர் சொன்னதையும், சந்தில் அவர் திரும்பிப் பார்த்துச் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன். எங்கள் வக்கீல் ஐயா மேஜையில் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளிக் கூண்டிலிருந்த வியாபாரி மட்டும் நான் பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவர் பக்கத்துச் சாட்சியை நான் சொல்வதுபோல. அக்கா, தங்கச்சி என்றெல்லாம் கேட்ட பிறகும் அவருக்கு அந்த ஆள் ஆளாகத்தான் இருந்தான்.

தூக்கு விழவில்லை. அந்த மனிதன் சந்தேகத்தில் புத்தி பேதலித்தவன்போல நடந்திருக்கிறான், ஆனால் ஆள் இல்லை என்று முன்கூட்டியே சொல்லக் கேட்டவன் என்று துரை எழுதினார். தீவாந்தர சிட்சை, ஆயுசுக்கும் அந்தமான். தீர்ப்பைக் கேட்டு நான் வெளியே வந்தேன். சந்தோஷமா என்று கேட்டால் இல்லை.

வக்கீல் ஐயா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் சுகம் விசாரிப்பார், அவ்வளவுதான். வேறு ஒருவரிடம் எல்லைத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று சில்லறை வேலைகள் பார்த்தேன். பெண்டாட்டி மேல் சந்தேகம் என்று யார் வந்தாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு ராஜபாளையத்திலும் இடமில்லை, சேத்தூரிலும் இடமில்லை. அக்காவின் வீட்டிலேயே தங்கினாள். ராவுத்தரின் அண்ணன் வந்து கடையைத் திறந்தார். அவர் நினைத்திருந்தால் அவளைத் துரத்தியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "எங்க வீட்டு நோயாளியப் பாத்துக்கிட ஆள் வேணும், அவ இருக்கட்டும்" என்று தம்பி மனைவியைக் காட்டிச் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். தாய்மாமன் ஒருவர் கான்சாபுரத்திலிருந்து வண்டியோடு வந்து தங்கச்சியை அழைத்துப் போனார்.

சில வருஷம் கழித்து ஒரு வாய்க்கால் தகராறு விஷயமாகக் கான்சாபுரம் போயிருந்தேன். ஒரு தொழுவத்து வாசலில் அவள் கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்துப்போயிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு விசாரிக்கச் சொல்லணும்."

"சொல்லும்மா."

"அவிய இருக்காகளா இல்லையான்னு யாருட்ட கேக்கணும்?" கழுத்திலிருந்த தாலிக் கயிற்றைத் தொட்டாள். "இத வச்சிருக்கணுமா, கழட்டணுமான்னு தெரியல. மாமா வீட்ல விசேசம்னா என்னைய முன்னால நிக்கச் சொல்லுததா, பின்னால நிக்கச் சொல்லுததான்னு அவியளுக்கும் தெரியல."

தாலுகா ஆபீஸில் கேட்டேன். அங்கிருந்து திருநெல்வேலிக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். அது அங்கிருந்து பட்டணத்துக்குப் போக வேண்டும், அப்புறம் கப்பல் ஏற வேண்டும் என்றார்கள். தீவில் செத்தால் தகவல் வரும், வரவில்லையென்றால் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார் குமாஸ்தா.

அதையே போய் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரி, இருக்கட்டும்" என்றாள். கயிற்றைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. தொழுவத்தில் பசு கத்தியது. அவள் மடிப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பால் கறக்கப் போனாள்.